ஒன்றரைக் கிலோ சந்தேகம்

பூட்டுச்சாவிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை ஆபீசுக்கு வந்த கேஸ்களெல்லாம் காணாமல் போன சமாச்சாரங்கள்தான். மோதிரம், வீட்டுப் பத்திரம், ஒரு தடவை நிச்சயமான மாப்பிள்ளை. கூடிக்கொண்டே போகிற ஒன்றைப் பற்றிப் புகார் சொல்ல யாரும் அதுவரை படியேறியதில்லை.

"எங்க பூனை குண்டாகிட்டே போகுது," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி. "யாரோ திருட்டுத்தனமா தீனி போடறாங்க. யாருன்னு நீங்க கண்டுபிடிக்கணும்."

மெத்தை சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். சிரித்துத் தொலைத்தால் அண்ணியிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

மெத்தை என்பது அப்பா அம்மா வைத்த பெயரில்லை. பாதி ஆயுளை ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளனாகக் கழித்தவன். உட்கார்ந்து பார்க்க வந்தவர்களைப் படுக்க வைத்து, படுத்தவர்களை வாங்க வைத்த வாய் அவனுடையது. கடை மூடியதும் அந்த வாய்க்கு வேலையில்லாமல் போனது. அண்ணன் மனைவி துப்பறியும் ஆபீஸ் போட்டபோது, "உதவிக்கு நான் வர்றேன் அண்ணி, பேசறதுக்காவது ஆள் வேணும் இல்லையா," என்று ஒட்டிக்கொண்டான்.

அண்ணியை ஊரே பெட்டியம்மா என்றுதான் கூப்பிடும். விமான நிலையத்தில், தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுக்கிற பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒருவர் சொல்லும் தினுசை வைத்தே, பெட்டி நிஜமாகத் தொலைந்ததா, தொலைந்ததாகப் பொய் சொல்லி நஷ்டஈடு கேட்கிறாரா என்று சொல்லிவிடுவாள்.

"பூனைக்கு என்ன வயசுங்க?" மெத்தை ஒருவழியாக முகத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டான்.

"ஆறு."

"அந்த வயசுல கொஞ்சம் தொப்பை விழறது சகஜம்தானே. எனக்கே..."

"தம்பி," என்றாள் பெட்டியம்மா. அவன் எழுந்து காபி போடப் போய்விட்டான்.

வந்தவர் ஒரு கணக்கு டீச்சர். பேச்சும் கரும்பலகையில் எழுதினது மாதிரி படிப்படியாகத்தான் வந்தது. "வெள்ளிக்கிழமை நாங்க வெளிநாட்டுக்குக் குடி போறோம், மேடம். என் வீட்டுக்காரர் கப்பல் இன்ஜினியர். அங்க ஒரு பட்டறையில வேலை கிடைச்சிருக்கு. துரைக்கு எல்லாம் தயார் பண்ணிட்டோம். துரைன்னா எங்க பூனை. தோலுக்கு அடியில சிப் வச்சாச்சு. வெறிநோய் ஊசி போட்டாச்சு. ரத்தப் பரிசோதனை ஆச்சு. அந்த நாட்டு அனுமதியும் வந்தாச்சு. இடிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். எடை."

"எவ்வளவு விடறாங்க?"

"பூனையும் பையும் சேர்த்து எட்டுக் கிலோ. அதுக்குள்ள இருந்தா நம்ம காலடியில வச்சுக்கலாம். பை ஒன்றரைக் கிலோ இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி துரை ஆறு கிலோ. நேத்து பார்த்தா ஏழரை. பட்டினி போடாத குறையா டயட்ல வச்சிருக்கேன். தீனி டப்பாவுக்குப் பூட்டு. சாவி இதோ." கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினார்.

"கேபின்ல விடலைன்னா சரக்கோட அனுப்பிடலாமே?" என்றபடி மெத்தை காபியை முன்னால் வைத்தான்.

"அதுதான் முடியாது. துரை மூக்கு அமுங்கின ஜாதி. சரக்கு அறையில மூச்சு முட்டும்னு எங்க விமானக் கம்பெனி ஏத்தவே மாட்டேங்குது. கேபின்ல இடம் இல்லைன்னா அவன் இங்கயே நின்னுட வேண்டியதுதான்." குரல் லேசாக உடைந்தது. காபிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனார். "தப்பா நினைக்காதீங்க. ஸ்டாஃப் ரூம்ல என்னைக் காபிப் பைத்தியம்னுதான் சொல்லுவாங்க. இந்த டென்ஷன்ல வாசனையே ஆக மாட்டேங்குது."

மெத்தைக்கு மனசு கொஞ்சம் வாடிப்போனது. அது நல்ல காபி.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?" என்றாள் பெட்டியம்மா.

"நான், அவர், மாமனார். மாமா எங்களோட வரலை. நாத்தனார் வீட்டு மாடியில இருந்துக்கறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். அந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவார்."

"யார் மேல சந்தேகம்?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "முதல்ல மாமா மேலதான். பூனை இங்க நின்னா அவருக்குத் துணையாச்சேன்னு. அப்புறம் என் வீட்டுக்காரர் மேல. புது ஊருக்குப் போக உள்ளுக்குள்ள பயம், அதை வெளியில சொல்லாம பூனையைச் சாக்கா வைக்கிறாரோன்னு. அவர் என்ன சொல்றார் தெரியுமா? சாவி உன் கழுத்துலதானே இருக்கு, நீதான் போடறேன்னு சொல்றார். நாங்க பேசிக்கிறதையே விட்டுட்டோம், மேடம்."

பெட்டியம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்க, துரையைப் பார்க்கலாம்."

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் திரைச்சீலைகளை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார்கள். மொட்டை ஜன்னல்கள் வழியாக வெயில் தாராளமாக வந்து அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தது. பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கதவைத் திறந்த இன்ஜினியரின் கையில் பொட்டலம் ஒட்டுகிற டேப் வளையல் மாதிரி மாட்டியிருந்தது.

"வாங்க," என்றார் மெத்தையிடம். "அவங்க கிட்ட சொல்லிடுங்க, சமையல் பாத்திரம் எல்லாம் ஒட்டியாச்சு. ஒரு வாணலி மட்டும் வெளியில வச்சிருக்கேன்."

அவங்க என்பவர் மெத்தைக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார். "காது கேட்டுச்சுன்னு சொல்லிடுங்க," என்றார் டீச்சர், அதே மெத்தையிடம்.

"கேட்டுச்சாம்," என்றான் மெத்தை. அவன் பார்த்த வேலைகளிலேயே அதுதான் சுலபமானது.

பால்கனிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இன்ஜினியரின் அப்பா உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னமும் உட்கார்ந்தால் இரண்டு கைகளும் முன்னால் ஏதோ வட்டமான ஒன்றைப் பிடித்திருப்பது போலத்தான் இருக்கும். வந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஹாலின் நடுவே பயணப் பை திறந்து கிடந்தது. அதற்குள், சாம்பல் நிறத்தில், துரை. பைக்குள் இருந்து பழகட்டும் என்று வாரக்கணக்காகத் திறந்தே வைத்திருக்கிறார்களாம். அது பையைப் பங்களாவாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. அமுங்கின மூக்கும் சுருங்கின நெற்றியுமாக, மனு கொடுக்க வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கும் அதிகாரி மாதிரி இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"இவனை எப்படி எடை போடறீங்க?"

"குளியலறை மெஷின்லதான். மத்தவங்க தூக்கினா கீறிடுவான். டாக்டர் மேசையில நிக்கவே மாட்டான். அங்கேயும் நான்தான் தூக்கி வச்சுக்கிட்டு மெஷின்ல ஏறணும். கழிச்சுப் பார்த்துச் சொல்லிடுவேன்." டீச்சர் துரையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்றார். கணவர் குனிந்து பார்த்து, எதிர்ச் சுவருக்குச் சொல்வது போல, "அறுபத்தி ஒண்ணரை," என்றார்.

"ஏழரை," என்றார் டீச்சர் மறு நொடியே. குறையவில்லை. கண் கலங்கிவிட்டது.

"கணக்கு டீச்சர்னா சும்மாவா," என்று மெத்தை பாராட்டிவிட்டு வேலையில் இறங்கினான். அவனுக்கென்று ஒரு துப்பறியும் பாணி உண்டு. எதையும் விடாமல் தப்பான இடத்தில் தேடுவது. குப்பைத்தொட்டியைக் கிளறினான். நாற்காலி மெத்தைகளைத் தூக்கிப் பார்த்து, "பஞ்சு மட்டம், அண்ணி," என்று தகவல் சொன்னான். பிறகு பூனையையே பின்தொடர்ந்தான். பூனை பையிலிருந்து வெயிலுக்குப் போனது. வெயிலிலிருந்து பைக்குப் போனது. நடுவில் ஒரு தடவை அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

பெட்டியம்மா ஒன்றையும் தேடவில்லை. ஆணியில் தொங்கிய ஒரு தோல் பெல்ட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். பூனையை வெளியே நடத்திப் போக மார்பைச் சுற்றி மாட்டுகிற பெல்ட். "இது எப்ப வாங்கினது?"

"டிக்கெட் போட்ட அன்னைக்கு," என்றார் இன்ஜினியர். "ரெண்டு மாசம் இருக்கும். தினமும் அப்பாதான் மாட்டி மாடிக்குக் கூட்டிட்டுப் போவார்."

"வேற பெல்ட் உண்டா?"

"இல்லை. இது ஒண்ணுதான்."

அவள் மேலே ஏதும் கேட்பதற்குள் டீச்சர், "அவரே பெல்ட்டைப் பத்திப் பேசுவார், வாங்கினது நான்," என்று மெத்தையிடம் சொன்னார். "யார் வாங்கினா என்னன்னு கேளுங்க," என்றார் இன்ஜினியர். மெத்தை வாயைத் திறந்தான். இந்த முறை அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

"வர இஷ்டம் இல்லைன்னா நேரா சொல்லிடலாமே," என்றார் இன்ஜினியர், நேராகவே மனைவியைப் பார்த்து. "எதுக்குப் பூனையை ஊட்டி வளர்க்கணும்?"

"எனக்கா இஷ்டம் இல்லை? ஸ்கூல் வேலையை எழுதிக் கொடுத்துட்டு நிக்கிறேன் நான்."

"அதான் கோபம். அதை இப்படித் தீர்த்துக்கறே."

"துரை இல்லாம நான் வர மாட்டேன். நீங்க மட்டும் போங்க."

"சரி, போறேன்."

சொன்ன இருவருக்குமே அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது தெரிந்தது. கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் போகிற மணிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மெத்தைக்கு முதல் தடவையாக இந்தக் கேஸ் சிரிப்பாகத் தோன்றவில்லை.

"நான்தான் போட்டேன்," என்றது பால்கனிப் பக்கமிருந்து ஒரு குரல்.

பெரியவர் எழுந்து நின்றிருந்தார். "தீனி போட்டது நான்தான். அவங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ணலை."

"டப்பா பூட்டியிருக்கே மாமா," என்றார் டீச்சர் மெதுவாக. "எதைப் போட்டீங்க?"

"பால். தினமும் நீங்க தூங்கினப்புறம் ஒரு கிண்ணம்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டினால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்ஜினியர், "அப்பா, நீங்களாப்பா," என்று மட்டும் கேட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய், வெளியே பார்த்தபடி நின்றுவிட்டார்.

மெத்தை அண்ணியின் காதருகே வந்தான். "கேஸ் முடிஞ்சது. பெரிய மனுஷன் தானா ஒத்துக்கிட்டார். கிளம்பலாமா?"

"ஃப்ரிட்ஜ்ல பால் இருக்கா பாரு."

"இப்பவா அண்ணி? காபி குடிச்சுட்டுத்தானே வந்தீங்க?"

"எனக்கில்லை."

மெத்தை வாணலியைத் தவிர வேறு பாத்திரம் அகப்படாமல், வாணலியிலேயே கொஞ்சம் பாலை ஊற்றிக் கொண்டுவந்து துரைக்கு முன்னால் வைத்தான். துரை எழுந்து வந்தது. மோந்து பார்த்தது. முன்னங்காலை ஒரு உதறு உதறியது. பிறகு வாணலியைச் சுற்றித் தரையை வரட் வரட்டென்று பிறாண்டத் தொடங்கியது. மணல் தட்டில் காரியத்தை முடித்துவிட்டு மூடுகிற அதே பிறாண்டல்.

"பெரியவரே," என்றாள் பெட்டியம்மா, "நீங்க தினமும் கிண்ணம் கிண்ணமா கொடுத்த பாலை இவன் மண்ணைப் போட்டு மூடப் பார்க்கிறானே."

பெரியவர் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். "குட்டியிலேருந்தே அவனுக்குப் பால் ஆகாது," என்றார். "அவசரத்துல வேற தோணலை."

"எதுக்குங்க இந்தப் பொய்?" மெத்தைக்கு நிஜமாகவே புரியவில்லை.

"வேற எப்படி நிறுத்தறது, சொல்லுங்க. இந்த வீட்டுல குழந்தைன்னு இருக்கறது அந்தப் பூனை ஒண்ணுதான். அதுக்காக ரெண்டு பேரும் பிரிஞ்சு போயிடுவாங்களோன்னு ஆயிடுச்சு. நான் இங்கயே நிக்கப் போறவன். என் மேல கோபத்தோட போனா போகட்டும். கோபம் அங்க போனா ஆறிடும். அவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் கோபத்தைத் தூக்கிட்டுப் போனா, அந்தத் தெரியாத ஊர்ல யார் சமாதானம் பண்ணி வைப்பா?"

மெத்தை வாணலியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். பாலைக் கொட்டிவிட்டு வர அவனுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.

அவன் திரும்பி வந்தபோது பெட்டியம்மா இன்ஜினியரையும் உள்ளே கூப்பிட்டிருந்தாள். "பெரியவரே, இந்தப் பெல்ட்டை அவனுக்கு மாட்டுங்க."

பெல்ட்டைக் கண்டதும் துரை குழைந்துகொண்டு வந்தது. பெரியவர் மார்பைச் சுற்றி இழுத்து, கொக்கியைப் போட்டார். பெட்டியம்மா தன் இரண்டு விரல்களை பெல்ட்டுக்கு அடியில் விட்டாள். சுலபமாகப் போயிற்று.

"தம்பி, இதுல எத்தனை துளை தேஞ்சிருக்கு?"

மெத்தை குனிந்து பார்த்தான். "ஒண்ணுதான். மத்ததெல்லாம் கடையில இருந்த மாதிரியே புதுசா இருக்கு."

"வாங்கின நாள்லேருந்து கொக்கி ஒரே துளையிலதான் விழுது. ஆறு கிலோ பூனை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தா இது எப்படிப் பத்தும்? அது நீ இருபது கிலோ ஏறின மாதிரி. உன் பேண்ட் உனக்குப் பத்துமா?"

"இப்பவே பத்தலை அண்ணி. அப்போ துரை..."

"குண்டாகவே இல்லை."

அவள் கைப்பையிலிருந்து ஒரு கைத்தராசை எடுத்தாள். கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கினால் எடை காட்டுகிற சாமான். வேலையை விட்டாலும் அவள் அதை விடவில்லை. துரையைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அது தானாகவே தன் பங்களாவுக்குள் போய் உட்கார்ந்தது. ஜிப்பை இழுத்து, பையின் பிடியைக் கொக்கியில் மாட்டி, மெத்தை தூக்கினான்.

"ஏழரைதான்," என்றான். "பையோட சேர்த்தே. எட்டுக்குள்ள அழகா அடங்குது." அவனுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. "கண்டுபிடிச்சிட்டேன். குளியலறை மெஷின் கெட்டுப்போச்சு. குற்றவாளி அதுதான்."

"அப்படியா," என்றாள் பெட்டியம்மா. "அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கு."

பூட்டித் தயாராக இருந்த சூட்கேஸை அவன் கைத்தராசில் மாட்டி மூச்சுப் பிடித்துத் தூக்கினான். இருபத்தி ஒண்ணு. அதே பெட்டியைக் குளியலறை மெஷினில் வைத்தான். இருபத்தி ஒண்ணு.

இன்ஜினியர் இரண்டு தராசுகளையும் மாறி மாறிப் பார்த்தார். இயந்திரங்களோடு வாழ்கிற மனிதர். அவருக்கு இது பொறுக்கவில்லை. "மெஷின் சரி. பூனையும் சரி. இப்ப நான் என் கண்ணால பார்த்த எண்ணும் சரி. அப்போ நடுவுல அந்த ஒன்றரைக் கிலோ எங்க போச்சு?"

"எங்கயும் போகலை," என்றாள் பெட்டியம்மா. "இந்த வீட்டுலதான் இருக்கு." எடை மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கையறைக் கதவைத் தட்டினாள்.

டீச்சர் கதவைத் திறந்தார். முகத்தைக் கழுவியிருந்தார், அப்படியும் அழுதது தெரிந்தது. பெட்டியம்மா மெஷினைத் தரையில் வைத்தாள். "டீச்சர், ஒரு சின்னச் சந்தேகம். துரையை வச்சுக்கிட்டு நிக்கறப்ப வர்ற எண்ணுலேருந்து எதைக் கழிக்கிறீங்க?"

"என் எடையை. அம்பத்தி நாலு."

"அதைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"அது மாறவே மாறாது மேடம்." அழுத கண்ணிலும் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. "காலேஜ் நாள்லேருந்து அம்பத்தி நாலுதான். கல்யாண ரவிக்கை இப்பவும் பத்தும். போன வருஷம்கூட மாட்டிப் பார்த்தேன்."

"ஒரு தடவை தனியா ஏறி நில்லுங்களேன்."

டீச்சர் ஏறி நின்றார். ஹாலிலிருந்து மூன்று ஆண்களும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அம்பத்தி அஞ்சரை.

யாருக்கும் அதைக் கழித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "நானா? ரெண்டு மாசமா என்னோட எடையை அவன் தலையில கட்டிட்டிருந்தேனா? பசங்க இப்படிக் கணக்குப் போட்டா முட்டிக்கால் போடச் சொல்லுவேனே. ஸ்டாஃப் ரூம்ல பசிக்குது பசிக்குதுன்னு பிஸ்கட்டா தின்னது தப்பு."

"இதுக்குப் போய் வருத்தப்படலாமா," என்றான் மெத்தை ஆறுதலாக. "நாலு நாள் மாடிப்படி ஏறி இறங்கினா..."

"தம்பி, வாயை மூடு." பெட்டியம்மா டீச்சரின் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்திருந்தது. "காபி எவ்வளவு நாளா பிடிக்கலை?"

"அது ஒரு... பேக்கிங் ஆரம்பிச்சதுலேருந்து." டீச்சர் நிமிர்ந்தார். "ஏன் மேடம்?"

"மாசக் கணக்கு?"

"அது எனக்கு எப்பவுமே ஒழுங்கா வராது. இந்தத் தடவையும் அலைச்சல்னாலதான் தள்ளிப் போகுதுன்னு..." அந்த வாக்கியம் முடியவில்லை. அவர் மெஷினிலிருந்து இறங்காமலே கையை நீட்டிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இல்லை மேடம். அதெல்லாம் இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை நாங்க. முடியாதுன்னு சொல்லி, நாங்களும் போதும்னு விட்டாச்சு."

"இருக்கலாம். ஒரு தடவை பார்த்துடறதுல தப்பில்லையே." பெட்டியம்மா மெத்தையை அருகில் கூப்பிட்டு அவன் காதில் ஏதோ சொன்னாள்.

மெத்தையின் காது மடல் இரண்டும் தக்காளியாகின. "நானா அண்ணி?"

"நீதான். ஓடு."

முனையில் இருந்த மருந்துக் கடையில் நல்ல கூட்டம். ஊரில் இருக்கிற அத்தனை மெத்தைகளையும் வாய் ஓயாமல் விற்றவனுக்கு அன்றைக்கு ஒரு சொல் வெளியே வரவில்லை. முதலில் இருமல் மாத்திரை கேட்டான். பிறகு பஞ்சு கேட்டான். கடைக்காரப் பெண் பொறுமையாக இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு, "அப்புறம்?" என்றாள். அவன் குனிந்து அவளிடம் மெதுவாகச் சொன்னான். அவள் கொஞ்சமும் மெதுவாக இல்லாத குரலில் உள்ளே இருந்தவரிடம் அதைக் கேட்டு வாங்கி, பொட்டலம் கட்டிக் கொடுத்து, "நல்லபடியா இருக்கும், கவலைப்படாதீங்க," என்று அவனுக்குத் தைரியமும் சொன்னாள். வரிசையில் நின்ற எல்லாரும் அவனை அன்போடு பார்த்தார்கள்.

பொட்டலம் உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது. ஹாலில் மூன்று ஆண்களும் துரையும் காத்திருந்தார்கள்.

"அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்றார் இன்ஜினியர். முகத்தில் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய், பயம் மட்டும் மிச்சமிருந்தது. "அந்த மேடம் எதுக்கு உங்களை மருந்துக் கடைக்கு அனுப்பினாங்க?"

"இருமல் மாத்திரை," என்றான் மெத்தை. அது பொய்யில்லை; சட்டைப் பையில்தான் இருந்தது.

பெரியவர் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். முன்னால் பிடித்திருந்த கண்ணுக்குத் தெரியாத அந்த ஸ்டியரிங்கை அப்படியே இறுக்கிக்கொண்டு, கதவையே பார்த்திருந்தார்.

கதவு திறந்தது. பெட்டியம்மா வெளியே வந்து ஓரமாக நின்றுகொண்டாள். பின்னால் டீச்சர் வந்தார். மெத்தையைப் பார்க்கவில்லை. யார் மூலமாகவும் சொல்லவில்லை.

"என்னங்க," என்றார்.

இன்ஜினியர் ஓரடி முன்னால் வந்தார்.

"துரை மேல ஒரு தப்பும் இல்லைங்க. ஏறின எடை என்னோடது."

"அதனால என்ன இப்ப? ஒரு கிலோ ரெண்டு கிலோ யாருக்குத்தான் ஏறாது? இதுக்குப் போய் அழுவாங்களா? நான் பேசினது தப்பு. அதை விடு."

"புரிஞ்சுக்கோங்க. மெஷின்ல நான் தனியா ஏறி நின்னேன் இல்லையா?"

"ஆமா."

"தனியா ஏறலை."

இன்ஜினியர் அவரைப் பார்த்தார். பெட்டியம்மாவைப் பார்த்தார். எதற்கென்றே தெரியாமல் பூனையைப் பார்த்தார். பிறகு பின்னாலிருந்த அட்டைப்பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்தார். பெட்டிக்குள் நறநறவென்று சத்தம் கேட்டது. மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணாடி' என்று அவரே எழுதியிருந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து நின்றதும், அவர் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். ஆறடி மனிதர் அழுவதைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவரும் அழுதார்.

மெத்தை சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, கேளுங்க," என்றாள் பெட்டியம்மா. "இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. பறக்கலாமா, எப்ப பறக்கலாம்னு அவர் சொல்றபடி கேளுங்க. அவர் சரின்னா துரை பையோட உங்க காலடியில வருவான். எட்டுக்குள்ள தாராளமா அடங்கறான். இன்ஜினியர் சார், இன்னையிலேருந்து அவனோட மணல் தட்டை நீங்கதான் சுத்தம் பண்ணணும். அதுலேருந்து கிருமி தொத்தும், இந்த நேரத்துல அவங்க அதைத் தொடக் கூடாது. டாக்டரும் அதைத்தான் சொல்லுவார்."

"பண்றேன் மேடம். எல்லாம் பண்றேன்."

"இன்னொண்ணு. உங்க அப்பா பூனைக்குப் பால் ஊத்தலை. ஒரு நாளும் ஊத்தலை. உங்க சண்டையை நிறுத்தறதுக்காகத் தன் தலையில போட்டுக்கிட்டார்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் தயங்கித் தயங்கி மாமனாரிடம் போனார். "மாமா, நான் உங்களைப் போய்..."

"அட, விடும்மா," என்றார் பெரியவர். "முதல்ல உட்காரு. நின்னுக்கிட்டே இருக்காதே. டேய், அவளுக்கு நாற்காலியைப் போடு. அந்த அட்டைப்பெட்டியை எல்லாம் இனிமே நீயே தூக்கு."

நாற்காலி வந்தது. டீச்சர் உட்கார்ந்தார். டயட் முடிந்ததை எப்படித்தான் தெரிந்துகொண்டதோ, துரை தீனி டப்பாவின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு குரல் கொடுத்தது. டீச்சர் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றிக் கணவரிடம் நீட்டினார். அவர் டப்பாவைத் திறந்து, எந்த அளவும் பார்க்காமல் கை நிறைய அள்ளிப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்குமாவது பார்த்துப் போடுங்க," என்றான் மெத்தை. "மறுபடியும் கேஸோட வந்துடாதீங்க."

பெட்டியம்மா கைத்தராசைப் பையில் போட்டுக்கொண்டாள். இருவரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் உள்ளே பெரியவரின் குரல் கேட்டது. யாரையும் குறிப்பாகக் கேட்காத மாதிரி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ஊர்ல ரொம்பக் குளிருமாடா?"

மெத்தை ஒரு செருப்போடு அப்படியே நின்றான். இன்ஜினியர் தீனி டப்பாவை மூடாமல் அப்பாவைப் பார்த்தார். பதில் சொன்னது டீச்சர்தான்.

"குளிரும் மாமா. உங்களுக்கு விசா வர்றதுக்குள்ள ரெண்டு ஸ்வெட்டர் வாங்கி வைக்கிறேன்."